கருவும் கயிறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருக்கலைப்பு பற்றிப் பேச்சு எழுந்தால், கொஞ்ச நேரத்தில் தூக்குத் தண்டனையும் உள்ளே வந்துவிடும். "கருவைக் கலைப்பது கொலை என்கிறாய், ஆனால் கைதியைத் தூக்கில் போடு என்கிறாயே?" என்று ஒருவர் கேட்பார். எதிர்ப்பக்கமும் சும்மா இருக்காது. "கொலைகாரனுக்காக உருகுகிறாய், ஒரு பாவமும் அறியாத கருவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே?" இரண்டு பேருமே தாங்கள் கேட்டது பதிலே இல்லாத கேள்வி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் பதில் உண்டு. அந்தப் பதில்கள் எதுவரை தாங்கும் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

கருக்கலைப்பை எதிர்ப்பவர் மரண தண்டனையை ஆதரிப்பது முரண்பாடு இல்லையா?

அவர் என்ன காரணம் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். "எல்லா உயிரும் புனிதம், யார் உயிரையும் மனிதன் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தூக்கை ஆதரித்தால் முரண்பாடுதான், தப்ப வழியில்லை. "குற்றமற்ற உயிரைக் கொல்லக் கூடாது" என்று சொன்னால் கதை வேறு. கரு யாருக்கும் தீங்கு செய்யவில்லை. கொலை செய்தவன் தன் செயலால் உயிர்வாழும் உரிமையை இழந்துவிட்டான். ஒரே விதியை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்து இரண்டு விடை எடுக்கிறார். உங்களுக்கு அந்த விதி பிடிக்காமல் போகலாம், ஆனால் அதை முரண்பாடு என்று சொல்ல முடியாது.

சிக்கல் பெரும்பாலும் கோஷத்தில் இருக்கிறது. பதாகையில் "உயிர் புனிதம்" என்று எழுதுகிறார்கள், மனதில் "குற்றமற்ற உயிர் புனிதம்" என்று வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு எழுதியதற்குத்தான் இவ்வளவு சண்டை.

சரி, கருக்கலைப்பு உரிமை வேண்டும், தூக்கு வேண்டாம் என்பவர்?

அவருக்கும் இதே கதைதான். "உயிரை எடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை" என்று தூக்கை எதிர்த்தால், கரு உயிரா இல்லையா என்ற கேள்வியில் போய் மாட்டிக்கொள்வார். ஆனால் அவருடைய உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு. கைதி ஏற்கெனவே சிறையில் இருக்கிறான். அவனை உயிரோடு வைத்திருக்க இன்னொருவர் உடலைக் கேட்க வேண்டியதில்லை. கரு ஒரு பெண்ணின் உடலுக்குள், அவள் ரத்தத்தில் வளர்கிறது. அதைக் காக்க வேண்டுமானால் அவள் உடலைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

1971இல் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி இதற்காகவே ஒரு கற்பனைச் சூழலைச் சொன்னார். தூங்கி எழுந்தால் உங்கள் உடலோடு ஒரு புகழ்பெற்ற வயலின் கலைஞரை இணைத்திருக்கிறார்கள். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு. ஒன்பது மாதம் உங்கள் சிறுநீரகம் அவருக்கும் சேர்த்து வேலை செய்தால் பிழைத்துக்கொள்வார். அவருக்கு உயிர் வாழும் உரிமை இருக்கிறது, சந்தேகமில்லை. அந்த உரிமைக்குள் உங்கள் சிறுநீரகமும் அடங்குமா? அடங்காது என்றார் தாம்சன். கரு முழு மனிதரே என்று ஒப்புக்கொண்ட பிறகும் கருக்கலைப்புக்காக வாதாட முடியும் என்று காட்டியதுதான் அந்தக் கட்டுரையின் சாமர்த்தியம். உங்களைக் கேட்காமல் இணைத்தார்கள் என்பதால் இது பலாத்காரத்தால் வந்த கர்ப்பத்துக்கு மட்டும்தான் சரியாகப் பொருந்தும் என்ற ஆட்சேபம் உடனே வந்தது. இன்றைக்கும் அது அங்கேயே நிற்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தூக்கு அரசின் செயல், எல்லோர் பெயரிலும் நடப்பது. கருக்கலைப்பு ஒருத்தியின் முடிவு. அரசுக்குக் கொல்லும் அதிகாரம் தரக் கூடாது என்பவர் இரண்டையும் ஒரே கணக்கில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

"குற்றமற்ற உயிர்" வாதம் எங்கே தடுமாறும்?

இரண்டு இடத்தில்.

முதலாவது, தவறான தீர்ப்பு. 1950 மார்ச்சில் லண்டனில் திமோதி எவன்ஸ் என்பவரைத் தூக்கிலிட்டார்கள். தன் கைக்குழந்தையைக் கொன்றார் என்பது தீர்ப்பு. அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி, அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. மூன்று வருடம் கழித்து அந்தக் கிறிஸ்டி பல பெண்களைக் கொன்றவர் என்று தெரிந்து அவரையும் தூக்கிலிட்டார்கள். எவன்ஸுக்கு 1966இல் மன்னிப்பு அறிவித்தார்கள், யாருக்குப் பிரயோஜனம்? எவன்ஸின் மனைவி அப்போது கர்ப்பிணி. கருவைக் கலைத்துத் தருகிறேன் என்று கிறிஸ்டி சொன்னதாகவும் அதில்தான் அவள் இறந்ததாகவும் எவன்ஸ் போலீசிடம் சொல்லியிருந்தார். கருக்கலைப்பு சட்டவிரோதமாக இருந்த காலம் அது. பிரிட்டன் 1965இல் கொலைக் குற்றத்துக்கான தூக்கை நிறுத்தியதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். கருக்கலைப்புச் சட்டம் 1967இல் வந்தது.

அமெரிக்காவில் 1973க்குப் பிறகு மரண தண்டனை பெற்று, பின்னர் குற்றமற்றவர் என்று விடுதலையானவர்கள் சுமார் 200 பேர். அப்படியென்றால் குற்றமற்ற உயிரைத் தொடாதே என்பவருக்குத் தூக்குமேடை உறுத்த வேண்டும். "வேண்டுமென்று குற்றமற்றவரைக் கொல்லவில்லை, தவறி நடக்கிறது" என்று பதில் வரும். நியாயமான பதில்தான். ஆனால் இதே நபர் கரு விஷயத்தில் என்ன சொல்கிறார்? "அது முழு மனிதரா என்று சந்தேகம் இருந்தால்கூடத் தொடாதே. கட்டடத்தை வெடி வைத்துத் தகர்க்கும் முன் உள்ளே ஆள் இல்லை என்று உறுதி செய்ய வேண்டாமா?" நல்ல வாதம். அதைத் தூக்குமேடைக்கும் கொண்டுபோக வேண்டும் அல்லவா? அங்கே மட்டும் "ஓரளவு பிழை தவிர்க்க முடியாதது" என்றால், அவருடைய விதி இடத்துக்கு இடம் மாறுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, பலாத்கார விதிவிலக்கு. கருக்கலைப்பை எதிர்ப்பவர்களில் பலர் பலாத்காரத்தால் உண்டான கர்ப்பத்துக்கு விலக்குத் தருகிறார்கள். அந்தக் கருவும் ஒரு தவறும் செய்யவில்லையே? குற்றம் தகப்பனுடையது. விலக்குத் தருபவர் மனதில் கருவின் குற்றமின்மை மட்டும் இல்லை, பெண் இதற்குச் சம்மதித்தாளா என்ற கேள்வியும் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டால் அவர் பாதி தூரம் தாம்சன் பக்கம் வந்துவிட்டார். விலக்கே கிடையாது என்பவர்கள் தர்க்கத்தில் உறுதியானவர்கள். கேட்பவருக்கு அது கடுமையாக இருக்கும்.

"என் உடல், என் முடிவு" வாதம் எங்கே தடுமாறும்?

24 வாரம் வாக்கில் கரு வெளியே வந்தால் மருத்துவ உதவியோடு பிழைக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு "என் உடலிலிருந்து பிரித்துவிடுங்கள்" என்பதும் "அதன் உயிர் போக வேண்டும்" என்பதும் ஒன்றல்ல. தாம்சனே, பிரித்துக்கொள்ளும் உரிமை உண்டு, அதன் பிறகும் அது உயிரோடிருந்தால் சாகடிக்கும் உரிமை இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள் அந்தப் பக்கத்தை அவ்வளவாகப் புரட்டுவதில்லை.

அப்புறம், பாலினம் பார்த்துக் கலைப்பது. காரணம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்பவர், பெண் கரு என்பதால் கலைக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் என்ன செய்வார்? இந்தியா 1971இலேயே கருக்கலைப்பைக் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு அனுமதித்த நாடு. அதே நாடு கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994இல் சட்டம் போட்டுத் தடுத்தது. இரண்டையும் ஒருசேர ஆதரிக்கலாம், பலர் ஆதரிக்கிறார்கள். ஆனால் "அவள் காரணம் அவளோடு" என்ற வாக்கியத்தைத் திருத்தாமல் ஆதரிக்க முடியாது.

இரண்டையும் எதிர்ப்பவர்தானே உண்மையில் கொள்கை பிசகாதவர்?

பார்த்தால் அப்படித்தான் தெரியும். சிகாகோவின் கத்தோலிக்கக் கர்தினால் ஜோசப் பெர்னார்டின் 1983 டிசம்பரில் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இதைத்தான் முன்வைத்தார். கருக்கலைப்பு, மரண தண்டனை, அணு ஆயுதப் போர் எல்லாம் ஒரே உயிர்க் கொள்கையின் கீழ் வர வேண்டும் என்றார். இயேசு அணிந்திருந்த தையல் இல்லாத அங்கியைப் போல, ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எடுக்க முடியாது என்பது உவமை. அவர் திருச்சபைக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது, எல்லாவற்றையும் ஒரே எடையில் வைத்தால் கருக்கலைப்பின் தீவிரம் கரைந்துபோகும் என்று. பிற்காலத்தில் போப் ஆன கர்தினால் ராட்சிங்கர் 2004இல் இதற்கு நேர்மாறாகவே எழுதினார்: எல்லாப் பிரச்சினைக்கும் கருக்கலைப்பின் எடை கிடையாது, போர், மரண தண்டனை பற்றிக் கத்தோலிக்கருக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். 1992இல் வந்த மறைக்கல்வி நூல் மிகக் கொடிய குற்றங்களில் மரண தண்டனைக்கு இடம் கொடுத்திருந்தது. 2018இல் போப் பிரான்சிஸ் அதை ஏற்கவே முடியாதது என்று திருத்தினார். வத்திக்கான் நகர அரசின் சட்டத்திலேயே 1929 முதல் 1969 வரை மரண தண்டனை இருந்தது, ஒருமுறைகூட நிறைவேற்றவில்லை என்றாலும்.

தற்காப்புக்காகக் கொல்லலாமா, தாய் உயிருக்கு ஆபத்து என்றால் என்ன என்று கேட்டால் இரண்டையும் எதிர்ப்பவரும் "ஆனால்" போட்டுத்தான் ஆக வேண்டும். அவருக்கு "ஆனால்"கள் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டையும் அனுமதிப்பவர்?

இவரை யாரும் கேள்வி கேட்பதில்லை, அதனால் தப்பித்துவிடுகிறார். உயிர் உரிமை என்பது தன்னுணர்வு உள்ளவருக்குத்தான், தொடக்க நிலைக் கருவுக்கு அது இல்லை, கொலைகாரனுக்கு இருந்தது ஆனால் இழந்துவிட்டான் என்று சொன்னால் கோவையாகவே இருக்கிறது. பிறந்த சிசுவுக்குத் தன்னுணர்வு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், அப்போது நெளிவார்.

நான்கு நிலைப்பாடுகளிலும் விஷயம் தெரிந்த மனிதர்கள் நின்றதற்கு உதாரணம் உண்டா?

ஒரே நீதிமன்றத்தில், ஏழு மாதத்துக்குள்! 1972 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபர்மன் வழக்கில், அன்று நடைமுறையில் இருந்த விதத்தில் மரண தண்டனை செல்லாது என்றது, 5க்கு 4. 1973 ஜனவரி 22 அன்று ரோ வழக்கில் கருக்கலைப்பு உரிமையை ஏற்றது, 7க்கு 2. இரண்டிலும் அதே ஒன்பது நீதிபதிகள்.

டக்ளஸ், பிரென்னன், ஸ்டூவர்ட், மார்ஷல் நால்வரும் தூக்கைத் தடுத்தார்கள், கருக்கலைப்பை அனுமதித்தார்கள். ரென்குவிஸ்ட் இரண்டிலும் அவர்களுக்கு நேர் எதிர். தலைமை நீதிபதி பர்கர், பிளாக்மன், பவல் மூவரும் இரண்டையும் அனுமதித்தார்கள். வைட் ஒருவர்தான் இரண்டுக்கும் இல்லை என்றார் (1976இல் புதிய சட்டங்கள் வந்தபோது தூக்குக்குச் சரி என்றுவிட்டார், அது தனிக்கதை).

இவர்கள் தீர்ப்பளித்தது அரசியல் சட்டத்தைப் பற்றி, அறத்தைப் பற்றி அல்ல. அதுவே ஒரு பாடம். ரோ தீர்ப்பை எழுதிய பிளாக்மன், ஃபர்மன் வழக்கில் தூக்கு எனக்கு அருவருப்பானது என்று சொல்லிக்கொண்டே, அதைத் தடைசெய்யும் அதிகாரம் நீதிபதிக்கு இல்லை என்று எதிர்த்து எழுதினார். மனிதராக ஒன்று, நீதிபதியாக ஒன்று. 22 வருடம் கழித்து, 1994இல், இனி இந்த மரண இயந்திரத்தைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்று எழுதி இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டார். ரோ தீர்ப்பை அதே நீதிமன்றம் 2022இல் ரத்து செய்தது.

நாடுகளின் சட்டங்களாவது ஒரு போக்கில் இருக்கின்றனவா?

இல்லை. மால்டாவில் தூக்கு கிடையாது, கருக்கலைப்பும் அநேகமாகக் கிடையாது. அமெரிக்க மாநிலமான டெக்சாஸில் தூக்குக்குப் பதில் விஷ ஊசி, கருக்கலைப்புக்குத் தடை. பிரான்ஸ் இதற்கு நேர்மாறு. ஜப்பானிலும் இந்தியாவிலும் இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

கொல்லாமை பேசிய வள்ளுவர் கொடியவரை ஒறுக்கச் சொல்வது முரண்பாடா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. "தன்னுயிர் நீப்பினும் செய்யற்க தான்பிறிது இன்னுயிர் நீக்கும் வினை" என்பது 327ஆம் குறள். "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்" என்பது 550. பரிமேலழகர் இரண்டாவதைத் தயங்காமல் மரண தண்டனையாகவே படிக்கிறார். உழவன் களை பிடுங்கிப் பயிரைக் காப்பது போல, அரசன் கொடியவரைக் கொன்று தக்கவரைக் காக்கிறான். "ஒறுத்தல் என்றால் தண்டித்தல்தான், கொல்லுதல் என்று எங்கே இருக்கிறது" என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. களையைப் பிடுங்குகிற உவமை அந்தச் சமாதானத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்பது என் எண்ணம்.

முதல் குறள் துறவறவியலில் இருக்கிறது, இரண்டாவது செங்கோன்மையில். ஒன்று தனி மனிதனுக்கு, மற்றது அரசனுக்கு. பிளாக்மன் சொன்ன பிரிவினைதான், ரொம்ப முன்பே. கருக்கலைப்பை எதிர்க்க 327ஐ எடுத்து வருபவர்கள் முதல் இரண்டு சொற்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தன்னுயிர் போனாலும் கூடாது என்கிறது. அப்படியே கொண்டால் தாயைக் காப்பாற்றக்கூடக் கலைக்க முடியாது. அதுவரை போக அவர்களில் பலருக்கு மனம் வராது.

கர்ப்பிணிக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டால்?

கருவும் கயிறும் நேருக்கு நேர் சந்திக்கிற இடம் இதுதான். ஐ.நா.வின் 1966ஆம் ஆண்டு குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு, கர்ப்பிணிகளுக்கு மரண தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்கிறது. எதற்காக என்று கேட்டால் சட்டத்தின் மனசு தெரியும். பழைய இங்கிலாந்தில், வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று சொன்னால் பிரசவம்வரை தள்ளிவைப்பார்கள். அப்புறம் தூக்கிலிடலாம், பலருக்கு மன்னிப்பும் கிடைத்தது. தள்ளிவைத்தது கருவுக்காக மட்டும் என்பது தெளிவு. 1931இல் பிரிட்டன் அதை மாற்றி, கர்ப்பிணிக்கு ஆயுள் தண்டனைதான் என்றது. இந்தியாவிலும் ஒரு காலத்தில் உயர் நீதிமன்றம் தள்ளிவைக்க வேண்டும், விரும்பினால் ஆயுளாகக் குறைக்கலாம் என்று இருந்தது, பிறகு ஆயுளாகக் குறைத்தே ஆக வேண்டும் என்று திருத்தினார்கள். இப்போது சட்டம் காப்பது கருவை மட்டுமல்ல, பிறந்த பிறகு அதற்கு ஒரு தாய் இருக்க வேண்டும் என்பதையும்.

கருவுக்காகத் தள்ளிவைப்பதை ஏற்கும் கருக்கலைப்பு ஆதரவாளர் முரண்படுகிறாரா? இல்லை. அந்தப் பெண் பிள்ளையை விரும்பவில்லை என்று யாரும் சொல்லவில்லையே.

எதிராளியின் முரண்பாட்டை நிரூபித்துவிட்டால் நான் ஜெயித்தேன் அல்லவா?

அவசரப்படாதீர்கள். இரண்டும் சேர்ந்து நிற்காது என்றுதான் நிரூபித்திருக்கிறீர்கள். எதைக் கைவிட வேண்டும் என்று நிரூபிக்கவில்லை. "தூக்கை ஆதரித்தால் கருக்கலைப்பை எதிர்க்காதே" என்று மடக்கினால், அவர் தூக்கை விட்டுவிட்டுக் கருக்கலைப்பை முன்பைவிடத் தீவிரமாக எதிர்க்கலாம். நீங்கள் எதிர்பார்த்தது அதுவல்ல. "நீ மட்டும் யோக்கியமா" என்பது ஆளைப் பற்றிய கேள்வி. ஆள் முரண்பட்டாலும் அவர் சொன்ன ஒவ்வொரு வாதமும் தனியாகச் சரியாக இருக்க இடம் உண்டு.

தவறு என்று நம்புவதைச் சட்டத்தால் தடுக்காமல் விடுவது கோழைத்தனம் இல்லையா?

தவறு என்பதும் குற்றம் என்பதும் வேறு வேறு. ருமேனியாவின் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பை அநேகமாக முழுவதும் தடைசெய்தார். உயிர்மீது கருணை வந்து அல்ல, மக்கள்தொகை பெருக வேண்டும் என்று. பெண்கள் மறைவில் கலைத்தார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1989 டிசம்பர் 25 அன்று அவரையும் அவர் மனைவியையும் சுட்டுக் கொன்றார்கள். புதிய ஆட்சி அடுத்த நாளே கருக்கலைப்புத் தடையை நீக்கியது, இரண்டே வாரத்தில் மரண தண்டனையையும் ஒழித்தது. அந்த நாட்டில் கடைசியாக மரண தண்டனை பெற்றவர்கள் அவர்கள் இருவர்தான்.

கருக்கலைப்பைப் பாவம் என்று நம்பும் ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சட்டத்தடை வேண்டாம் என்றால் அது கோழைத்தனம் ஆகாது. அதே மாதிரி, சிலர் சாகத் தகுதியானவர்களே என்று நம்பிக்கொண்டு, அதைச் செய்ய எந்த அரசையும் நம்ப மாட்டேன் என்றும் சொல்லலாம்.

தத்துவவாதிகளாவது முரண்படாமல் இருக்கிறார்களா?

கான்ட்டைப் பாருங்கள். 1797இல் எழுதினார்: ஒரு தீவின் மக்கள் எல்லோரும் சமூகத்தைக் கலைத்துவிட்டுப் பிரிந்து போவதாக இருந்தாலும், சிறையில் மிச்சமிருக்கும் கடைசிக் கொலைகாரனைக் கொன்றுவிட்டுத்தான் போக வேண்டும். அவ்வளவு கறார். சில பக்கம் தள்ளி, திருமணமாகாத தாய் தன் சிசுவைக் கொன்றால் மரண தண்டனை தருவது சரியா என்று தயங்குகிறார். சட்டத்துக்கு வெளியே பிறந்த குழந்தை கள்ளச்சரக்கு போல நாட்டுக்குள் நுழைந்தது, அதனால் சட்டம் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம் என்பதுபோல எழுதுகிறார். பிறந்து, மூச்சுவிடுகிற குழந்தையைப் பற்றி! பிறகு அவரே அந்தக் குழப்பத்துக்குச் சட்டத்தையும் காலத்தையும் குறை சொல்கிறார்.

இதையெல்லாம் எழுதுகிற உங்கள் நிலை என்ன?

தூக்கு வேண்டாம், கருக்கலைப்பை, குறிப்பாகத் தொடக்க மாதங்களில், சட்டம் தடுக்கக் கூடாது. தூக்கை எதிர்க்க என் முதல் காரணம் எவன்ஸ் மாதிரியான பிழை. திருத்த முடியாத செயலில் சந்தேகம் இருந்தால் நிறுத்து என்கிறேன். இதையே கருவுக்கும் ஏன் சொல்லவில்லை என்று ஒரு நண்பர் மடக்கினார். தூக்கை நிறுத்தினால் யார் உடலும் விலை கொடுக்க வேண்டியதில்லை, சிறை போதும், கர்ப்பத்தில் நிறுத்தினால் ஒரு பெண் மாதக்கணக்கில் தன் உடலைக் கொடுத்தாக வேண்டும் என்றேன். "சரி, 23 வாரம், தாயும் நலம், கருவும் நலம், அப்போது?" என்றார். அந்த இடத்தில் என் பதில் மெலிகிறது என்று ஒப்புக்கொண்டேன். ஒரு வருடம் ஆகிறது, அதைவிடத் தடிமனான பதில் இன்னும் கிடைக்கவில்லை.